தீனிப் பெட்டிக்கு வந்தவர்

ராஜபாளையத்தில் மில்களுக்கு சிசிடிவி மாட்டுகிறவர் அவர். பறவைத் தீனிப் பெட்டி ஒன்றை மாட்டித்தரக் கூப்பிட்டிருந்தேன். வெளிநாட்டிலிருந்து மகள் அனுப்பியது. பறவை வந்து தின்றால் பெட்டியில் இருக்கும் கேமரா படம் பிடித்து என் போனுக்கு அனுப்புமாம்.

ஒல்லியான மனிதர். வண்டியை விட்டு இறங்கியும் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. ஏணியிலும் அதோடுதான் நின்றார். முன்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக் காபி குடித்தார்.

மாமரத்துக்கு வைஃபை எட்டாததால் பெட்டியை மதில் சுவருக்கு மாற்றினார். சோதித்துப் பார்க்க ஒரு பறவை வேண்டும். சூரியகாந்தி விதையை எதுவும் சீண்டவில்லை.

“செத்த நேரம் பொறுங்க சார். கொஞ்சம் சோறு இருக்கா?”

வாங்கி வைத்து, “கா... கா...” என்று கூப்பிட்டார். ஒரு காகம் வந்து கொத்தியது. போனில் படமும் வந்தது. அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார்.

“இன்னைக்கு எங்கப்பாவுக்குத் திதி சார். காலையில மாடியில நின்னு எம்புட்டு நேரம் கூப்பிட்டேன், வரல. இங்க வந்து நிக்காக.”

போனை அவரிடம் நீட்டினேன். “படம் தெளிவாத்தான் இருக்கு” என்றேன்.

உற்றுப் பார்த்தார். “கொஞ்சம் இளைச்சிட்டாக.”

இந்தப் பறவைக்குப் பெயர் வைக்கலாம் என்றது ஆப். ‘அப்பா’ என்று அடித்துக் கொடுத்துவிட்டு, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பெயரை மாற்ற வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் இருக்கிறேன். ‘அப்பா வந்திருக்கிறார்’ என்று போன் சொன்னதும் எழுந்துபோய்க் கொஞ்சம் சோறு வைத்துவிடுகிறேன். சூரியகாந்தி விதையை அவர் தொடுவதில்லை.