ஞாயிற்றுக்கிழமை பூத்த புறா ஆர்க்கிட்

புறா ஆர்க்கிட்டுக்கு நம் விடுமுறை நாட்களைப் பற்றிக் கவலையே கிடையாது. பெருமழை பெய்து ஊர் சில்லிட்டால், ஒன்பதாம் நாள் சிங்கப்பூர் மரங்களிலெல்லாம் ஒரே காலையில் வெள்ளையாகப் பூக்கும். மறுநாளே வாடிவிடும்.

தோ பாயோவில் எங்கள் அடுக்குமாடி வீட்டு வாசலிலும், தேங்காய் மட்டையில் கட்டிய செடி ஒன்று தொங்கியது. அது பூக்கும்போதெல்லாம் அப்பா கப்பல் பட்டறை மாமாவுக்குப் போன் போடுவார். மாமா என்றால் சொந்தமில்லை. ஞாயிற்றுப் பூசை முடிந்து எல்லோரும் காப்பிக்கு ஓட, கோவில் மரத்தில் தொற்றியிருந்த இதே செடியை அண்ணாந்து பார்த்தபடி நின்றவர்கள் அவரும் அப்பாவும்தான். அப்படி வந்த சிநேகம்.

"பூத்திருச்சு, வாங்க!" என்பார் அப்பா.

"இன்னைக்கு வேலைண்ணே."

ஞாயிற்றுக்கிழமை மாமா வரும்போது காம்புதான் இருக்கும். அதையும் ஆசையாகத்தான் பார்ப்பார்.

அந்த வருடம் மாமாவின் வேலை பெர்மிட் முடிந்தது. ஒரு திங்கட்கிழமை ஊருக்கு விமானம். இனி வரமாட்டார். பூவைப் பார்க்காமலேயே போய்விடுவாரே என்று அப்பாவுக்குத் தாங்கவில்லை. மாமா கிளம்புவதற்கு முந்தின நாள் ஞாயிறுக்குச் சரியாக ஒன்பது நாள் இருக்கும்போது, ஒரு வெள்ளிக்கிழமை, ஐஸ்பெட்டியில் இருந்த ஐஸ் முழுவதையும் தண்ணீரில் கரைத்து, செடியின் தலையில் ஊற்றினார். மழைக்குப் பதிலாம்.

"செடிக்கு ஜன்னி கண்டுடும்ங்க" என்றார் அம்மா. நான் குடிக்கும் ரோஸ் சிரப்புக்கு வைத்திருந்த ஐஸும் போனதில் எனக்கு ஒரே ஆத்திரம்.

அடுத்த வாரம் சனிக்கிழமை வரை மொட்டு வாய் திறக்கவில்லை. அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிறு விடிந்தபோது வாசலெல்லாம் மணம். பூசை முடிந்து அப்பாவோடு வந்த மாமா, செடியைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டார்.

"கீழ ஒரு மரத்துலகூடப் பூ இல்லண்ணே. இது மட்டும் எனக்காகக் காத்திருந்துச்சு." மாமாவின் கண் கலங்கியிருந்தது.

"மாமா, அப்பாதான் ஐஸ்..." என்று ஆரம்பித்தேன்.

"பாப்பா, உள்ள போய் மாமாவுக்குக் காப்பி கேட்டுட்டு வா" என்று என்னைத் தள்ளிவிட்ட அப்பா, மாமா பக்கம் திரும்பினார். "உங்களுக்காகத்தான் லா. வேற யாருக்கு?"

பூசைக்குப் போய் வந்த கையோடு அப்பா பொய் சொல்கிறாரே என்று, காப்பி கேட்க மறந்து கதவருகிலேயே நின்றேன்.