மாமாவின் உரையில் நான் விட்ட ஐந்து வரிகள்

தடித்த கறுப்பு மார்க்கர் பேனாவால், பக்கத்துக்குப் பத்து வரி என்று கொட்டை எழுத்தில் நான் எழுதிக் கொடுத்த தாள்கள் அவை. மாமாவுக்கு, அதாவது என் மனைவியின் தகப்பனாருக்கு, கண்ணில் புரை. தொண்ணூறுகளின் நடுவில் நியூசிலாந்தின் ஆக்லாந்துக்கு வந்து, ஹில்ஸ்பரோ பகுதியில் எங்களோடு இருந்தார். இங்குள்ள தமிழர் விழா ஒன்றில் பழைய சினிமாவைப் பற்றிப் பேச அவரை அழைத்திருந்தார்கள். அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு, பிறகு பெரிய எழுத்தில் படியெடுப்பது என் வேலை.

மாமா இளவயதில் யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்குப் போய், ஒரு ஸ்டூடியோவில் படத்தொகுப்பு உதவியாளராக இருந்தவர். உலகப்போர்க் காலம். பாசிசத்தைச் சாடி ஒரு ராஜா கதை எடுத்தார்கள்; கொடுங்கோல் மன்னனுக்கு ஜெர்மன் சர்வாதிகாரியின் மீசையையே ஒட்டினார்களாம். வெள்ளைக்கார அரசாங்கத்துக்கு மீசை பிடித்திருந்தது. சனங்கள் திரண்டு அரண்மனைக் கதவை உடைக்கும் காட்சிதான் பிடிக்கவில்லை. பார்க்கிற சனம் எந்தக் கதவை நினைக்கும் என்று அவர்களுக்குத் தெரியாதா? வெட்டச் சொல்லித் தணிக்கை அதிகாரி கடிதம் அனுப்பினார். கத்தரிக்கோலை எடுத்தது மாமாவின் கை. அந்தக் காட்சியில் நடித்தவர்கள் குடும்பத்தோடு படம் பார்க்க வந்து, திரையில் தங்களைத் தேடிவிட்டுத் திரும்பிப் போனதை அவர் ஐம்பது வருடமாக மறக்கவில்லை.

இதைச் சொல்லி முடித்தபின் மாமா இன்னும் ஐந்து வரி சொன்னார். அன்றைக்கு வெள்ளைக்காரன் வெட்டினான், இன்றைக்கு இயக்கத்தில் இருக்கிற எங்கள் ஆட்களே எங்கள் வாயை அடைக்கிறார்கள் என்று. ஊரில் எதிர்த்துக் கதைத்ததால் காணாமல் போன ஒரு வாத்தியாரின் பெயரையும் சொன்னார். என் அம்மா அப்போது யாழ்ப்பாணத்தில் இருந்தார். ஆக்லாந்து மண்டபத்தில் பேசியது ஊருக்குப் போய்ச் சேர எத்தனை நாள் ஆகும்? படியெடுக்கும்போது அந்த ஐந்து வரிகளையும் விட்டுவிட்டேன். மாமாவிடம் மூச்சு விடவில்லை. கோழை என்று இப்போது என்னையே திட்டிக்கொள்வது சுலபம்.

மேடையில் அந்த இடம் வந்ததும் மாமா நின்றார். தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். அடுத்த தாளைக் கண்ணருகே கொண்டுபோனார். அதில் நன்றி மட்டும்தான் இருந்தது. பிறகு முன்வரிசையில் இருந்த என்னைப் பார்த்தார். தாள் இல்லாமலே சொல்லியிருக்கலாம். சொல்லாமல், நன்றியை வாசித்துவிட்டு இறங்கினார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், வெட்கமில்லாமல்.

காரில் என் மனைவி, "நல்லாக் கதைச்சீங்கள் அப்பா" என்றாள். வீட்டு வாசலில் இறங்கும்போது மாமா என்னிடம், "தம்பி, எனக்கு வெள்ளைக்காரன் கடிதம் போட்டவன். உமக்கு ஆர் போட்டது?" என்று கேட்டார். குரலில் கோபமே இல்லை.

"ஒருத்தரும் இல்லை மாமா. அம்மாவை நினைச்சுப் பயந்திட்டன்."

"ஓம், விளங்குது. அதுதான் நானும் மேடையில வாய் திறக்கேல்லை" என்றார்.

மாமா போய்ப் பல வருடமாகிறது. அம்மாவும் ஆக்லாந்துக்கு வந்து, எங்களோடு இருந்து, நிம்மதியாகக் கண்ணை மூடினார். ஊரில் யுத்தமும் முடிந்துவிட்டது. இனி யாருக்காகவும் நான் பயப்படத் தேவையில்லை. இதை எழுதி முடித்து ஒருமுறை வாசித்துப் பார்த்தேன். அந்த வாத்தியாரின் பெயரை இப்போதும் நான் எழுதவில்லை.