ஒரு பக்கம் பஞ்சு

ஒரு முழ நீளம், ஒரு சாண் அகலம். மாம்பலகை. ஒரு பக்கம் இலவம்பஞ்சு வைத்துக் காடாத் துணியால் தைத்தது. மறுபக்கம் வெறும் மரம்; அதில் அருகருகே இரண்டு சிறு பள்ளங்கள். என் எஜமானாக இருந்த வக்கீலின் முன்பற்கள் பதிந்த இடம் அது. வெகுகாலம் இந்தப் பலகை எங்கள் வீட்டுப் பரணில் கிடந்தது. அடுப்பில் வைக்கிறேன் என்பாள் மனைவி, நான் விட்டதில்லை. ஏன் என்று அவளிடமும் சொன்னதில்லை.

வக்கீலுக்கு வீடு ஸ்ரீரங்கத்தில், உத்தர வீதியில். கோர்ட்டுக் கச்சேரி திருச்சியில். அடிதடி வழக்கென்றால் லால்குடி, உப்பிலியபுரத்திலிருந்தெல்லாம் அவரைத்தான் தேடி வருவார்கள். கோர்ட்டில் அவர் குரல் எழுந்தால் சாட்சிக்காரனுக்கு நாக்கு வறண்டுவிடும். அதே குரல் பெருமாள் புறப்பாட்டில் பிரபந்த கோஷ்டியில் சேர்ந்து ஒலிக்கும்போது, கேட்பதற்கென்றே ஜனம் வீதியில் நிற்கும். மற்றதில் எப்படியோ, அதில் அவர் பெரிய மனிதர்தான்.

சீமைக்குத் திரும்பிய ஒரு துரையிடம் அவர் கார் வாங்கினார். ஓட்டுவதற்கு என்னை வைத்தார். வண்டி வந்த அன்றே பின்சீட்டைத் தொட்டுப் பார்த்து முகம் சுளித்தார். மாட்டுத்தோல். "இதும்மேலே உக்காந்துண்டு வந்து, அப்படியே பெருமாள் முன்னாடி போய் நிக்கறதா?" என்றார். தோலை உரித்தோம். ஸ்பிரிங்கைப் பிடுங்கினோம். சாப்பிட உட்காரும் மணை மாதிரி ஒரு நீளப் பலாப்பலகையை அந்த இடத்தில் அடித்து, மேலே நாலாக மடித்த கம்பளி போட்டோம். கம்பளிக்குத் தீட்டு கிடையாதாம். முன்சீட்டைத் தொடவில்லை. எனக்குக் கெட ஆசாரம் ஏது? ஆக, துரை மெத்தையில் நான், மணையில் எஜமான். இந்த வேடிக்கையை நினைத்து முதல் நாள் எனக்குச் சிரிப்புக்கூட வந்தது.

அவர் அந்தப் பலகைமேல் சம்மணம் போட்டுத்தான் உட்காருவார். ரோடோ குண்டும் குழியும். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவர் முதுகெலும்பு மரத்தில் மோதும். மறுகணம் வெள்ளிப்பூண் போட்ட பிரம்பு என் பிடரியில் விழும். "குருடாடா நீ? பள்ளம் தெரியலையா?" மாம்பழச் சாலையில் இரண்டு, பாலம் ஏறும்போது ஒன்று, தெப்பக்குளத்துக் கூட்டத்தில் கணக்கே கிடையாது. எல்லாம் ஒரே இடத்தில், முடி முடிகிற இடத்தில். காயத்தோடு சட்டைக் கழுத்து ஒட்டிக்கொள்ளும். மனைவி வெந்நீர் விட்டு நனைத்துப் பிரித்தெடுப்பாள். எத்தனை அடிக்கு என்ன தண்டனை என்று ஊருக்கெல்லாம் சொன்ன மனிதருக்கு என் கழுத்து கண்ணில் படவில்லை.

வேலையை விட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். மனைவி அப்போது உண்டாகியிருந்தாள். கார் டிரைவர் என்று ஊரில் பேர் வாங்கியவன் மறுபடி மாட்டு வண்டி ஓட்டப் போக மானம் இடம் கொடுக்கவில்லை. இன்னொன்றும் சொல்லவேண்டும். லால்குடியில் நெல்வண்டி ஓட்டிய நாளில் மாட்டின் பிடரியில் நுகத்தடிப் புண் இருந்தால், தார்க்குச்சியால் அதே புண்ணில்தான் குத்துவேன். அப்போதுதான் மாடு ஓடும்.

ஒரு நாள் கேட்டேன். "சாமி, குலுக்கும்போது புடிச்சுக்க வசதியா என் சீட்டுக்குப் பின்னால ஒரு பலகை அடிக்கட்டுங்களா?"

"அடி, அடி. இப்பவாவது புத்தி வந்துதே" என்றார்.

அப்படிப் பிறந்ததுதான் இந்தப் பலகை. என் தலை உயரத்துக்கு நிமிர்த்தி ஆணி அடித்தேன். என் பக்கம் பஞ்சு வைத்தேன். பாதி மூட்டைப் பஞ்சு மிச்சம் இருந்தது. அவர் பக்கம் வைக்கவில்லை. நூல்துணி மடி ஆசாரத்துக்கு ஆகாது என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். கம்பளியில் தைத்திருக்கலாம், அது எனக்கும் தெரியும். வேண்டுமென்றேதான் விட்டேன்.

பிடரி ஆறியது. ஆனால் அவர் சும்மா இருப்பாரா? பலகையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, முழங்காலில் எழும்பி, பக்கவாட்டில் எட்டி என் காதில் அடிக்கப் பழகிக்கொண்டார்.

அது மார்கழி. கோர்ட்டில் நேரமாகிவிட்டது. சாயங்கால கோஷ்டிக்குப் போய்ச் சேரவேண்டும் என்று அவர் தவித்தார். சிந்தாமணி தாண்டிப் பாலம் ஏறும் இடத்தில் வரிசையாகக் கட்டை வண்டிகள். "ஓட்டுடா, ஆரம்பிச்சிருப்பாடா!" ஒரு அடி. "ஓட்டுடா சனியனே!" இன்னொன்று. வலது காதுக்குள் ரயில் ஊதுகிற மாதிரி இரைந்தது. இரண்டு வண்டிகளுக்கு நடுவிலிருந்து ஓர் எருமைக் கன்று குறுக்கே வந்தது. பிரேக்கைப் பாதி மிதித்திருந்தாலே கார் நின்றிருக்கும். எனக்குத் தெரியும். நான் முழுக்க மிதித்தேன்.

தேங்காய் உடைகிற சத்தம் கேட்டது. என் கழுத்தில் சூடாக ஏதோ வழிந்தது. இன்னும் அடிக்கிறார் என்றுதான் நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் அவர் மூக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. மேலுதடு இரண்டாகப் பிளந்திருந்தது. பற்கள் இரண்டும் பலகையில் நின்றன. பிரம்பு மட்டும் கையை விட்டுப் போகவில்லை. ரத்தம் கம்பளியை நனைத்து மணைப்பலகையில் ஒழுகியது. அவர் பலகையின் வெறும் மரத்தைத் தடவினார். பிறகு கையை நீட்டி என் பக்கத்துப் பஞ்சைத் தொட்டார். வக்கீல் இல்லையா, புரிந்துகொண்டுவிட்டார்.

காரைத் திருப்பிப் புத்தூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். மறுநாள் அவர் பிள்ளை கார் கொட்டகையில் கதவைச் சாத்திக்கொண்டு அதே பிரம்பு நார்நாராகப் பிரியும்வரை என்னை அடித்தான். "போறும்டா, செத்துடப் போறான்" என்று வக்கீல் வீட்டு மாமி வெளியிலிருந்து கதவைத் தட்டினாள். நான் கையைத் தூக்கவில்லை. முடிந்ததும் ஆணியைப் பிடுங்கிப் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தே பாலத்தைத் தாண்டினேன்.

அடுத்த சித்திரைத் தேருக்கு மனைவியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். கோஷ்டியில் அவர் இருந்தார். வாய் திறந்தது, காற்றுத்தான் வந்தது. பக்கத்தில் இருந்தவர் லேசாகத் திரும்பிப் பார்த்தார். அதன்பிறகு வக்கீல் உதட்டை மட்டும் அசைத்தபடி நடந்தார். மறைக்காமல் சொல்கிறேன், முதலில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கோஷ்டி வீதி முனைக்குப் போவதற்குள் அது போய்விட்டது. பெருமாளுக்குப் போய்ச்சேர்ந்துகொண்டிருந்த ஒரு குரலை நான் உடைத்துவிட்டேன். அடித்தவர் அவர்தான், இருந்தாலும் உடைத்தது நான். குழந்தையை மனைவியிடம் கொடுத்துவிட்டுக் கூட்டத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

போன மாதம் மகன் புதுக் கார் வாங்கி என்னைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு ஸ்ரீரங்கம் புறப்பட்டான். "அந்தத் திண்டுல தலையைச் சாய்ச்சுக்கங்கப்பா, அதுக்குத்தானே வச்சிருக்கான்" என்றான். என் கழுத்து இன்றைக்கும் பின்னால் எதையும் நம்பிச் சாயாது. சிந்தாமணி தாண்டிப் பாலம் ஏறும்போது கையை நீட்டி, அவன் சீட்டில் தலைக்குப் பின்னால் நின்ற திண்டின் என் பக்கத்தை அழுத்திப் பார்த்தேன். விரல் உள்ளே அமுங்கியது. இந்தப் பக்கமும் பஞ்சு வைத்திருந்தார்கள்.