அம்மாவின் கால் வீக்கத்துக்கு ஒரு வரைபடம்

எட்டு மாதம் ஒரு மூட்டை நொச்சி இலையை ஊறவைத்து, வடித்து, பிரித்து, கடைசியில் ஒரு சிட்டிகை வெள்ளைப் பொடி எடுத்திருந்தேன். வீக்கத்தைக் குறைப்பது அதுதான் என்று காட்டுவது என் ஆராய்ச்சி. ஊசி போட்டு வீங்கவைத்த எலியின் கணுக்காலில் பேனாவால் கோடு போட்டு, அதுவரை பாதத்தைப் பாதரசத்தில் முக்குவேன். பாதரசம் ஏறுகிற அளவுதான் வீக்கத்தின் கணக்கு.

அந்த வாரம் எங்கள் குடிசைப் பக்கத்துச் சாக்கடை நாலாவோரம் அம்மா வழுக்கி விழுந்தாள். இடது கால் வீங்கி, செருப்பு நுழையவில்லை. அவள் பாத்திரம் தேய்க்கும் வீட்டு மேம்சாப், திங்கட்கிழமை வராவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி அனுப்பிவிட்டாள்.

"அந்தப் பொடியில கொஞ்சம் குடுடா."

"இன்னும் எலிக்கே முடிவாகலம்மா. உன் எடைக்கு ஒரு லாரி இலை வேணும்."

"எலியாப் பொறந்திருக்கலாம்."

எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். சும்மா இருக்க முடியவில்லை. அம்மாவின் கணுக்காலில் கோடு போட்டேன். பக்கெட்டை விளிம்புவரை நிரப்பி, காலைக் கோடுவரை இறக்கச் சொல்லி, வழிந்த தண்ணீரைத் தாம்பாளத்தில் பிடித்து அளந்தேன். பிறகு வலது கால்.

"நல்ல காலை எதுக்குடா நனைக்கிற?"

"ஒப்பிடணும்மா."

பக்கத்து வீட்டு அக்கா குடத்தோடு நின்று பார்த்தாள். "குடிக்கத் தண்ணி இல்ல, தம்பி பாதபூஜை பண்ணுது. ஜல்தி முடிப்பா, எங்க வீட்டுக்காரர் வயித்தையும் அளக்கணும்."

தினமும் அளந்து வரைந்தேன்; மூன்று நாள் அம்மாவின் வரைபடத்தில் கோடு இறங்கவில்லை. சனிக்கிழமை, பொடி கொடுத்த எலிகளுக்கும் வீக்கம் இம்மியும் குறையவில்லை. வாடிப்போய் வீட்டுக்கு வந்து அம்மாவின் காலை அளந்தேன். பாதி வடிந்திருந்தது. அடுப்பெரிக்க நான் ஆய்வகத்திலிருந்து கொண்டுவந்து போட்ட நொச்சிச் சக்கையை அவள் வேகவைத்து, துணியில் கட்டி, ஒத்தடம் கொடுத்திருந்தாள்.

"அதுல ஒண்ணும் இல்லம்மா. இருந்ததெல்லாம் நான் எடுத்துட்டேன்."

"நீ எடுத்தது எலிக்குக் கேக்குதா?"

சூட்டினால் வடிந்திருக்கலாம், தானாகவே வடிந்திருக்கலாம் என்று விளக்கினேன். அவள் அடுத்த ஒத்தடத்துக்கு அடுப்பை மூட்டினாள்.

கடைசி அளவு இல்லாமல் வரைபடம் முடியாது. திங்கட்கிழமை விடிந்ததும் பக்கெட்டை நிரப்பிவிட்டுத் திரும்பினால் வாசலில் செருப்பு இல்லை. அம்மா வேலைக்குப் போய்விட்டிருந்தாள்.

"காலுதான் போயிருச்சே," என்று பக்கத்து வீட்டு அக்கா தண்ணீரைத் தன் குடத்தில் ஊற்றிக்கொண்டாள்.