கம்பைலர் வைத வசவு

போடிக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில் அனுசியா உதவிப் பேராசிரியை. பாடம் கம்பைலர். நாம் எழுதும் நிரலைக் கம்ப்யூட்டருக்குப் புரியும்படி மாற்றித் தரும் மென்பொருள் அது. பிழை இருந்தால் மாற்றாது. என்ன கோளாறு என்று ஆங்கிலத்தில் இரண்டு வரி முனகிவிட்டு நின்றுவிடும். அந்த இரண்டு வரியைப் படிக்காமலேயே பிள்ளைகள், "மேடம், ஓட மாட்டேங்குது" என்று கையைத் தூக்குவார்கள். லேப் முழுக்க ஓடி ஓடி அதை வாய்விட்டுப் படித்துச் சொல்வதே அவள் உத்தியோகமாகிப் போயிற்று.

இதற்கிடையில் ஆராய்ச்சியும் நடக்க வேண்டும். சென்னையில் அவளுக்கு முனைவர் பட்டத்துக்கு வழிகாட்டிய பேராசிரியர் அவ்வப்போது போன் செய்து, நோயாளியை விசாரிக்கிற குரலில், "பேப்பர் எப்படி இருக்கு?" என்பார். பேப்பர் என்று ஒன்று இருந்தால்தானே. கடைசியில் ஒரு யோசனை பிறந்தது: பிழைச் செய்தியைத் தமிழில் சொன்னால் பிள்ளைகள் சீக்கிரம் திருத்துவார்களா? சோதித்து எழுதிவிடலாம் என்று இறங்கினாள்.

மொழிபெயர்க்கக் கல்லூரித் தமிழாசிரியர் ராம்பிரசாத்திடம் போனாள். அவர் மகிழ்ந்துபோய் ஒரே வாரத்தில் எழுதிக் கொடுத்தார். "அரைப்புள்ளி எதிர்நோக்கப்பெற்றது, ஆயின் எய்தப்பெறவில்லை." மூன்றாமாண்டு தௌபீக் அதை இரண்டு தடவை படித்துவிட்டுப் பணிவாகக் கேட்டான்: "மேடம், இதுக்கு இங்கிலீஷ்ல என்ன?"

ஞாயிற்றுக்கிழமை அனுசியா வீட்டில் லேப்டாப்பும் எரிச்சலுமாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்து அறையில் அவள் அம்மா ராமுத்தாய் போனில் யாரையோ வைதுகொண்டிருந்தாள். ராமுத்தாய் விடியற்காலை ஜீப்பில் பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டுக்கு மேலே ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகிறவள். அந்தக் கூட்டத்துக்குக் கங்காணி. யாராவது பிந்தி வந்தால் அவள் வாயிலிருந்து வருவதைக் கேட்டு டிரைவரே நிமிர்ந்து உட்காருவார்.

சுவரைத் தாண்டி வந்த அந்தக் குரலிலேயே அனுசியா தட்டத் தொடங்கினாள். இப்போதைக்கு இது இருக்கட்டும், பிறகு நல்லபடியாக மாற்றிக்கொள்ளலாம் என்று நினைப்பு. வரி முடிவில் செமிகோலன், அதாவது அரைப்புள்ளி, போடாமல் விட்டவனுக்கு: "வரியை முடிக்காம எங்கடா ஓடுற? செமிகோலனை உங்க மாமனா வந்து வைப்பான்?" அடைப்புக்குறியை மூடாதவனுக்கு: "கதவைத் தொறந்து போட்டுட்டு வந்திருக்க. யானை புகுந்தா யாரு வெரட்டுறது? போயிச் சாத்திட்டு வா." முன்னறிவிப்பில்லாமல் ஒரு பெயரை நுழைத்தவனுக்கு: "இவன் யாரு? ஊரு பேரு தெரியாதவனையெல்லாம் பந்தியில உக்கார வைக்காத." எண் கேட்ட இடத்தில் எழுத்தைக் கொடுத்தவனுக்கு: "ஏலக்காய் மூட்டையில இஞ்சியக் கட்டிக் கொண்டாந்தா எடை போடுவாகளா?" இப்படியே இருபது பிழைக்கு இருபது வசவு.

மறுநாள் அவசரத்தில் மாற்ற மறந்துவிட்டாள்.

லேபில் முதலில் ஒருவன் சிரித்தான். பிறகு வரிசையே சிரித்தது. அனுசியா எட்டிப் பார்த்தபோது திரையில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். முகம் சுட்டது. ஆனால் நிறுத்த மனம் வரவில்லை. அன்றைக்கு ஒருவன்கூடக் கை தூக்கவில்லை.

ஒரு மாதம் ஓடவிட்டுப் பதிவுகளை எடுத்துப் பார்த்தாள். பிழைகள் குறையவில்லை. மூன்று மடங்காகியிருந்தன. தௌபீக்கைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"வேணும்னேதான் மேடம் தப்புப் பண்றோம்" என்றான் அவன். "எல்லாத் திட்டும் வாங்குனவன் நான் மட்டுந்தான். மத்தவங்களுக்கு இன்னும் நாலஞ்சு பாக்கி."

சென்னைப் பேராசிரியர் போனில் பெருமூச்சு விட்டார். வேண்டுமென்றே செய்த பிழையை வைத்து எதை நிரூபிப்பது? அந்தத் துக்கம் ஆறுவதற்குள் பிரின்சிபால் அழைத்தார். "மேடம், நம்ம கம்ப்யூட்டர் பிள்ளைகளைத் திட்டுதாமே. பேரன்ட் வந்திருக்காங்க."

வந்திருந்தது தௌபீக்கின் அம்மா கமர்நிசா. போடியில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். வசவு வந்த திரைகளை மகன் போனில் பிடித்து வைத்திருந்த படங்கள் முழுவதையும் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

"இவனை வையிறதுல எனக்கு ஒண்ணுமில்ல டீச்சர். நல்லா வையிங்க" என்றார். "ஆனா இவனுக்கு மாமன்னா என் தம்பி. அவன் பாட்டுக்குக் கம்பம் ஊருல சோலியப் பாத்துக்கிட்டு இருக்கான். செமிகோலன் வைக்க அவனை எதுக்கு இழுக்குறீங்க?"

அனுசியா அங்கேயே மன்னிப்புக் கேட்டாள். அன்று சாயங்காலமே மாமன் கம்பைலரிலிருந்து நீக்கப்பட்டார்.

பஸ்சில் வீடு திரும்பும்போதுதான் அவளுக்கு உறைத்தது. இஞ்சி வசவை வாங்க வேண்டுமென்றால் எங்கே எண் வர வேண்டும், எங்கே எழுத்து வர வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவன் எப்படி வேண்டுமென்றே தப்புப் பண்ணுவான்? வீட்டுக்குப் போன கையோடு தேர்வுத் தாள்களைப் பிரித்தாள். வசவு அதிகம் சேர்த்தவர்கள் பிழை கண்டுபிடிக்கிற கேள்வியில் மற்றவர்களைவிட நன்றாகவே எழுதியிருந்தார்கள். அதையே கட்டுரையாக்கி, வெளிநாட்டில் நடக்கும் ஒரு சின்னக் கருத்தரங்குக்கு அனுப்பினாள்.

ஏற்றுக்கொண்டார்கள். ஒரு மதிப்பீட்டாளர் மட்டும் கேட்டிருந்தார்: வசவுகள் ஒரு குறிப்பிட்ட நபருடையவை என்கிறீர்களே, அவர் சம்மதித்தாரா?

அனுசியா அம்மாவை உட்கார வைத்து எல்லாவற்றையும் படித்துக் காட்டினாள். ராமுத்தாய் முகம் மாறாமல் கேட்டாள்.

"இதெல்லாம் நான் சொன்னதா?"

"ஆமாம்மா."

"நான் இம்புட்டு அமைதியாவா வைவேன்? உனக்கு ஒழுங்கா எழுதத் தெரியல ஆத்தா." கொஞ்சம் யோசித்தாள். "எதுல போடுறாக? தமிழ்லயா?"

"இங்கிலீஷ்ல."

"அப்ப ஜீப்புல வர்ற எவளும் படிக்க மாட்டா. போட்டுக்க."

கட்டுரை வந்தது. சென்னைப் பேராசிரியர் இந்த முறை சிரித்துக்கொண்டே போன் செய்தார். பிரின்சிபால் அதைச் சட்டகம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார். உள்ளே இருந்த வசவுகளை அவர் படித்ததாகத் தெரியவில்லை. சங்கடம் ஜீப்பில்தான் உண்டாயிற்று. தன் வசவு அச்சில் ஏறும் என்று தெரிந்ததிலிருந்து ராமுத்தாய் முன்போல் சட்டென்று வைவதில்லை. வாயைத் திறந்து, நிறுத்தி, நல்ல வார்த்தையாகத் தேடுகிறாள். அவள் தேடி எடுப்பதற்குள் பிந்தி வந்தவள் ஜீப்பில் ஏறி, நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்தும் விடுகிறாள்.