அவசரப்பட்டுப் போட்ட மொட்டை

என் மகளுக்குச் சென்னைக் கம்பெனி ஒன்றில் வேலை. ஆனால் திருத்தணியில் எங்கள் வீட்டில் உட்கார்ந்தபடியே கம்ப்யூட்டரில் செய்கிறாள். கூட்டங்களில் கேமராவை மட்டும் போடமாட்டாள். இருப்பது ஒரே கூடம். பின்னால் நான் லுங்கியோடு நடப்பேன், குக்கர் கத்தும்.

அவளோடு சேர்ந்தவர்களில், தினமும் ஆபீசுக்குப் போகிற இரண்டு பேருக்கு டீம் லீடர் பதவி கிடைத்தது. இவளுக்கு இல்லை.

"வேலையில குறை இல்லயாம் நைனா. மேல இருக்கறவங்களுக்கு என் முகமே தெரியாதாம்" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. நான் கொத்தனார். கூச்சத்தால் எப்போதும் பின்பக்கச் சுவரைத்தான் பூச எடுத்துக்கொள்வேன். முன்பக்கம் பூசினவர்கள் மேஸ்திரி ஆகிவிட்டார்கள்.

மறுபடி ஓர் இடம் காலியானது. இந்த முறை பெரிய மேனேஜரிடம் கேமராவைப் போட்டுப் பேசுவது என்று மகள் முடிவு செய்தாள். பதவி கிடைத்தால் மலையில் மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டேன். மனைவியிடம் மட்டும் சொன்னேன்.

அன்று காலை பத்து மணிக்குப் பேச்சு. வாசலில் ஒதுங்கி நின்றேன். உள்ளே "தேங்க்யூ சார், தேங்க்யூ" என்று மகள் சிரிப்பது கேட்டது. கிடைத்துவிட்டது என்று நேராக மலைக்குப் போய்விட்டேன்.

தலையில் சந்தனத்தோடு திரும்பிவந்து கதவைத் திறந்தால், அவள் பேசிக்கொண்டிருக்கிறாள். பேச்சைப் பன்னிரண்டு மணிக்குத் தள்ளிவைத்ததற்குத்தான் அந்த தேங்க்யூ. திரையில் மேனேஜர் முகம். பக்கத்துக் கட்டத்தில், மகளுக்குப் பின்னால், என் மொட்டை.

"யாரும்மா அது?" என்றார் மேனேஜர்.

"எங்க நைனா, சார்."

"என்ன வேண்டுதல் ஐயா?"

திரையைப் பார்த்துக் கும்பிட்டேன். "பாப்பாவுக்குப் பதவி கிடைச்சா போடறதா வேண்டிகினேங்க. கிடைச்சிட்ச்சின்னு நெனச்சி..."

"நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலியே" என்று அவர் விழுந்து விழுந்து சிரித்தார். மகளும் சிரித்துவிட்டாள். அதன்பிறகு அவள் பேச்சில் பயமே இல்லை.

முடிந்ததும் என் தலையைத் தடவி, "சாமிக்கே அட்வான்ஸா நைனா?" என்றாள்.

பத்து நாளில் பதவி வந்தது. வாரத்தில் இரண்டு நாள் ஆபீசுக்கும் வரவேண்டுமாம். முதல் நாள் காலை ரயிலில் போய்வந்தவள், "எல்லாரும் உன்னைத்தான் கேக்கறாங்க" என்றாள்.

மனைவிதான் விடவில்லை. "கிடைச்ச பிறகு போடறதாதானே வேண்டிகின? முன்னாடி போட்டது கணக்குல சேராது."

மறுபடியும் மலை ஏறினேன். மொட்டை போடுகிறவர் என் தலையைத் தடவிப் பார்த்தார்.

"இதுல எதை எடுக்கச் சொல்ற?"

"இருக்கறதை எடுங்க" என்றேன்.