அத்தான் அடைத்த மூச்சுக்குழாய்

அத்தான் வீட்டு முன்கதவின் அடியில் ஒரு காகிதக் கட்டை செருகியிருக்கும். அச்சகத்தில் கழித்துப்போட்ட காலண்டர் தாளை, வெடிக்குழாய் சுருட்டுகிற மாதிரி இறுகச் சுருட்டிப் பசை தடவிச் செய்தது. கட்டைவிரல் பருமன் இருக்கும். முன்பு அதில் ஏதோ சாமி படத்தின் மஞ்சள் கொஞ்சம் தெரிந்தது. இப்போது எஞ்சின் ஆயில் ஊறிக் கறுத்துக் கிடக்கிறது. ஏசி ஓடும்போதும் கதவைத் திறந்தே வைத்திருக்கும் வீடு சிவகாசி வட்டாரத்தில் அது ஒன்றாகத்தான் இருக்கும். அதைப் பற்றி வாயைத் திறந்தால் அக்கா முறைப்பாள். அங்கே போனால் எனக்கும் நாற்காலியில் இருப்புக் கொள்ளாது. எழுந்து எழுந்து நடப்பேன். கண் மட்டும் அந்தக் கட்டைக்கே திரும்பத் திரும்பப் போகும்.

என் அக்காவின் கணவரான அத்தான், அப்போது தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் போர்மேனாக இருந்தார். அவர் ஓரிடத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. மருந்து கலக்கும் அறை ஒவ்வொன்றுக்கும் எதிரெதிரே கதவுகள் உண்டு. வேலை நடக்கும்வரை எல்லாம் திறந்தே இருக்க வேண்டும். ஏதாவது ஆகிவிட்டால் ஆட்கள் ஓடிவர வழி வேண்டும், உள்ளே முட்டும் காற்றுக்கும் வெளியேற வழி வேண்டும். ஆடிக்காற்று மண்ணை வாரி அடிக்கும்போது, மருந்து பறக்கிறதே என்று உள்ளிருக்கும் பெண்கள் மேற்குக் கதவைச் சாத்திவிடுவார்கள். அத்தான் தூரத்திலிருந்தே கத்திக்கொண்டு வருவார்.

"ஏத்தா, கதவைத் தெறங்க! தெறந்துட்டு எல்லாரும் வெளிய வாங்க!"

அவர்கள் சிரித்துக்கொண்டே வந்து வெயிலில் நிற்பார்கள். எல்லாரும் வந்தாயிற்றா என்று பார்த்துவிட்டுத்தான் திரும்ப உள்ளே விடுவார்.

அக்கா மாசமாக இருந்தபோது ஒரு பழைய பெட்ரோல் கார் வாங்கினார். அது பெட்ரோலைவிட ஆயிலைத்தான் ஆசையாகக் குடித்தது. எஞ்சின் ஓடும்போது எரிந்த வாயுவில் கொஞ்சம் பிஸ்டனைத் தாண்டி, ஆயில் கிடக்கும் அடிப்பக்கத்துக்கு இறங்கிவிடும். அது வெளியேற மேலே ஒரு மூச்சுக்குழாய் உண்டு. அங்கிருந்து ஒரு ரப்பர் குழாய் அந்த வாயுவை மறுபடி எஞ்சினுக்குள்ளேயே எரியக் கொண்டுபோகும். இவர் வண்டியில் பிஸ்டன் ரிங் தேய்ந்து வாயு அதிகமாக இறங்கியது. ரப்பர் குழாயையோ முன்பு வண்டியை வைத்திருந்த யாரோ கழற்றி எறிந்திருந்தார்கள். அதனால் மூச்சுக்குழாய் திறந்த வாயோடு புகையும் ஆயிலுமாகக் கக்கிக்கொண்டே இருந்தது. ஆயில் டப்பா இல்லாமல் அத்தான் வண்டியை எடுக்க மாட்டார். எஞ்சினை இறக்கித்தான் சரிசெய்ய வேண்டும் என்றார் மெக்கானிக். தீபாவளி சீசன் முடியட்டும் என்று அத்தான் தள்ளிப்போட்டார்.

கம்பெனி வாட்ச்மேன்தான் அவரைச் சீண்டியவர். "ஊருக்கெல்லாம் பீடி கூடாதுன்னு சொல்லுதீக, ஒங்க வண்டி இம்புட்டுப் பொகை விடுதே! தள்ளி நிப்பாட்டுங்க போர்மேனே" என்றாராம். அத்தானுக்கு அது நெஞ்சில் தைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து காலண்டர் தாளைச் சுருட்டிக் கட்டையாக்கி, மூச்சுக்குழாயின் வாயில் வைத்து அடித்து இறுக்கினார்.

"ஒழுகுற எடத்தை அடைச்சா ஒழுகாது மாப்ளே. இம்புட்டுதான் விஷயம்."

புகை நின்றது. பெருமை தாங்கவில்லை. ஆயில் டப்பாவைப் பரணில் போட்டுவிட்டார்.

அந்த வாரமே அக்காவைப் பிரசவத்துக்கு விருதுநகர் ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொல்லியிருந்தார்கள். வலி இன்னும் வரவில்லை. காலையில் புறப்பட்டோம். வழியில் கம்பெனி வாசலில் நிறுத்தி, "மத்தியானத்துக்குள்ள வந்துருவேன், கதவு பத்திரம்" என்று உள்ளே குரல் கொடுத்தார். திருத்தங்கல் தாண்டியதும் ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்தது. பானட்டைத் திறந்தால் எஞ்சின் முழுக்க ஆயில். அளவு பார்க்கும் கம்பியே தன் இடத்தைவிட்டு எழும்பி நின்றது. போக வழியில்லாத வாயு, சீல்களைப் பிதுக்கி ஆயிலை வெளியே தள்ளியிருந்தது.

அத்தான் கட்டையைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். யாரும் அவருக்கு எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. "நாளெல்லாம் கதவைத் தெறங்க, தெறங்கன்னு கத்துறவன் மாப்ளே நான்" என்றார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. வந்த பைக்கை மறித்து ஏறித் திருத்தங்கல் போய் ஆயில் வாங்கி வந்தேன். அக்கா பின்சீட்டில் சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டிருந்தாள். அவர் ரோட்டில் இங்கும் அங்கும் நடந்துகொண்டே இருந்தார். ஆயில் ஊற்றி, நின்று நின்று உருட்டிக்கொண்டு விருதுநகர் போய்ச் சேரும்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது.

அக்காவுக்குக் கட்டில் கிடைத்த நேரத்தில் அவருடைய போன் அடித்தது. கம்பெனியில் ஒரு அறை வெடித்துவிட்டது. உள்ளே இருந்த பெண்களில் ஒருவரும் வெளியே வரவில்லை. அன்று காற்று பலமாக அடித்தது என்றும், மேற்குக் கதவு சாத்தியிருந்ததைப் பார்த்தேன் என்றும் பக்கத்து அறைப் பெண் பிறகு அவரிடம் சொன்னாள். கதவு திறந்திருந்தால் பிழைத்திருப்பார்களா, அவர் நேரத்துக்குத் திரும்பியிருந்தால் திறக்கச் சொல்லியிருப்பாரா, யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அவர் மனசில் எல்லாம் அந்தக் கட்டையில் போய்த்தான் முடியும். காரை விற்றுவிட்டார். வேலையை விட்டார். கட்டையை மட்டும் தூக்கிப் போடவில்லை. நானே ஒருமுறை அதைக் குப்பையில் எறிந்தேன். கிளறி எடுத்துவந்து மறுபடி கதவடியில் செருகினார்.

மறுநாள் பிறந்த மகள் இப்போது எட்டாம் வகுப்பு படிக்கிறாள். போன ஆடியில் நான் அங்கே இருந்தபோது, புழுதிக் காற்றில் கட்டை நழுவிக் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. கொல்லையில் இருந்த அத்தான் வீட்டைச் சுற்றி ஓடிவந்தார்.

"கதவைத் தெறங்க! எல்லாரும் வெளிய வாங்க!"

நான் திகைத்து நின்றேன். அக்கா அடுப்பை அணைத்தாள். மகள் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்தாள். இருவரும் கதவைத் திறந்துகொண்டு போய், ஏற்கெனவே பழகியவர்களாக வெயிலில் நின்றார்கள். நானும் போய் அவர்கள் பக்கத்தில் நின்றேன். அத்தான் எங்களைப் பார்க்கவில்லை. திறந்த வாசலுக்குள்ளேயே இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வந்துட்டோம்ங்க" என்றாள் அக்கா. "எல்லாரும் வந்துட்டோம்."

அவர் குனிந்து, கட்டையை எடுத்துக் கதவடியில் செருகினார்.